கிளார்க் கெர்: பல்கலைக்கழகத்துக்கு வந்த பஞ்சாயத்துக்காரர்

1960களின் நடுவில் அமெரிக்காவில் ஒரே மனிதரைப் பற்றி நேர்மாறான இரண்டு புகார்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெர்க்லி மாணவர்களுக்கு அவர், கம்பெனிகளுக்கும் ராணுவத்துக்கும் ஆள் தயாரித்துக் கொடுக்கும் தொழிற்சாலையின் மேனேஜர். எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்கோ கம்யூனிஸ்டுகளுக்கு இடம் கொடுக்கும் ஆபத்தான பேர்வழி. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், ஹூவர் கோப்பு போட்டார். கடைசியில் அவரை வீட்டுக்கு அனுப்பிய கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் புதிதாகப் பதவியேற்ற கலிபோர்னியா ஆளுநர் ரொனால்ட் ரீகன்.

அவர் பெயர் கிளார்க் கெர். 1958 முதல் 1967 வரை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர். நம்மூர்க் கணக்கில் துணைவேந்தர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் என்று மாநிலம் முழுக்கப் பரவிக் கிடந்த அத்தனை வளாகங்களுக்கும் சேர்த்து ஒரே ஆள். அவரைக் கல்வியாளர் என்று அறிமுகப்படுத்துவதுதான் வழக்கம். எனக்கென்னவோ அவர் முதலில் தொழிற்சங்கத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் மத்தியஸ்தர், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று படுகிறது. அவர் சாதித்ததும் சறுக்கியதும் அந்தப் பழக்கத்தால்தான்.

பென்சில்வேனியாவில் ரெடிங் நகருக்குப் பக்கத்தில் ஸ்டோனி க்ரீக் என்ற சிற்றூரில் 1911 மே 17 அன்று பிறந்தார். அப்பாவுக்கு ஆப்பிள் தோட்டம். அம்மா பெண்களுக்கான தொப்பி தைத்து விற்றவர், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பிறக்கப்போகும் பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்குப் பணம் சேர்த்து முடிக்கும்வரை கல்யாணமே வேண்டாம் என்று தள்ளிப்போட்டவர் அந்த அம்மா. அந்தக் காசில் கெர் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குப் போனார். குவேக்கர் கிறிஸ்தவர்கள் தொடங்கிய சின்னக் கல்லூரி அது. அங்கே அவரும் குவேக்கர் ஆனார். சண்டையில்லாமல், உட்கார்ந்து பேசி, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் முடிவுக்கு வருவது அவர்கள் வழி. 1932 இல் பட்டம் வாங்கிவிட்டு மேற்குக் கரைக்கு வந்தார். ஸ்டான்ஃபோர்டில் எம்.ஏ., பெர்க்லியில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம்.

1933 அக்டோபரில் சான் ஹொவாக்கின் பள்ளத்தாக்கில் பருத்தி எடுக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூறு பவுண்டு பருத்தி எடுக்க 60 சென்ட் தருவோம் என்றார்கள் நிலச் சொந்தக்காரர்கள். ஒரு டாலர் வேண்டும் என்றது சங்கம். பிக்ஸ்லி என்ற ஊரில் சங்க அலுவலகத்துக்கு முன்னால் துப்பாக்கிச் சூடு, தொழிலாளர்கள் செத்தார்கள். அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது, குழு 75 சென்ட் என்றது, இரு தரப்பும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டன. அந்தப் போராட்டத்தைத் தன் பேராசிரியர் பால் டெய்லரோடு சேர்ந்து நேரில் போய் ஆராய்ந்து எழுதியவர் இளைஞர் கெர். எழுபத்தைந்து சென்ட் நியாயமான கூலியா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சுடுவது நின்றது. கெர் பிற்பாடு செய்த பல காரியங்களில் இந்தக் கணக்கின் சாயல் தெரியும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டே போர்க்காலத் தொழிலாளர் வாரியத்துக்காக சியாட்டிலில் தகராறுகளைத் தீர்த்தார். 1945 இல் பெர்க்லிக்குத் திரும்பி, தொழில் உறவுகள் ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநரானார். துறைமுகத் தொழிலாளர் விவகாரம் தொடங்கி நூற்றுக்கணக்கான பஞ்சாயத்துகள். அந்த வேலையை அவர் கடைசிவரை விடவே இல்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகும், 1984 இல், அமெரிக்கத் தபால் துறைக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் நடந்த பெரிய சம்பளத் தகராறில் நடுவர் குழுவுக்குத் தலைமை வகித்தார்.

நிர்வாகத்துக்குள் அவரை இழுத்தது ஒரு சத்தியப் பிரமாணம். நான் கம்யூனிஸ்ட் இல்லை என்று ஒவ்வொரு ஆசிரியரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று 1949 இல் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு உத்தரவிட்டது. ரீஜென்ட்டுகள் என்று சொல்லப்படும் அந்தக் குழுவில் பெரும்பாலோர் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்கள், அப்போது 16 ஆண்டுப் பதவிக்காலம். வக்கீல்கள், பண்ணை முதலாளிகள், எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள். கெர் தானே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் போட மறுத்தவர்களின் வழக்கை விசாரித்த ஆசிரியர் குழுவில் இருந்துகொண்டு, ரீஜென்ட்டுகள் முன்னாலேயே அவர்களுக்காகப் பேசினார். 1950 ஆகஸ்டில் 31 பேருக்கு வேலை போனது. உளவியலாளர் எட்வர்ட் டோல்மன் பெயரில் நடந்த வழக்கில் 1952 இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கையெழுத்துப் போட்டவர் எப்படி அவர்களுக்காக வாதாடலாம் என்று கேட்டவர்கள் உண்டு. சக ஆசிரியர்கள் அப்படிப் பார்க்கவில்லை. அதே 1952 இல் பெர்க்லி வளாகத்துக்கு முதல் சான்சலராக, அதாவது வளாகத் தலைவராக, அவர் பெயரைத்தான் பரிந்துரைத்தார்கள். ஆறு வருடம் கழித்து மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் தலைவர்.

போர் முடிந்து பிறந்த குழந்தைகள் 1960களின் நடுவில் கல்லூரி வாசலுக்கு வந்து நிற்பார்கள் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கலிபோர்னியாவுக்கு வேறு மாநிலங்களிலிருந்தும் மக்கள் குடிவந்துகொண்டே இருந்தார்கள். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரிகள், இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகள் என்று மூன்று அடுக்கு இருந்தது, மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. மாநிலக் கல்லூரிகளுக்கு டாக்டர் பட்டம் வழங்கும் உரிமை வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அந்த உரிமையை யாருக்கும் கொடுக்க மனமில்லை. எம்.எல்.ஏ.க்களுக்கோ ஆளாளுக்குத் தங்கள் தொகுதியில் ஒரு கல்லூரி வேண்டும். சட்டமன்றத்தில் மசோதாக்கள் குவிந்தன. (இந்தக் காட்சி நமக்குப் புதிதில்லை.)

கெர் இதை ஒரு தொழில் தகராறாகவே பார்த்தார். 1959 இல் எல்லாத் தரப்பும் உட்காரும் ஒரு குழுவை அமைக்க வைத்தார். யாருக்கும் சார்பில்லாத தனியார் கல்லூரித் தலைவர் ஆர்தர் கூன்ஸ் அதற்குத் தலைவர். மாதக்கணக்கில் பேச்சு நடந்தது, நடுவில் முறிந்தும் போனது. கடைசியில் வந்த ஒப்பந்தம்தான் 1960 இன் மாஸ்டர் பிளான். பள்ளி முடிப்பவர்களில் மேலே உள்ள 12.5 சதவீதம் பேர் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி. மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கு மாநிலக் கல்லூரிகளுக்கு. மற்ற யார் வேண்டுமானாலும் ஜூனியர் கல்லூரியில் சேரலாம், அங்கே நன்றாகப் படித்தால் இரண்டாண்டு கழித்து மேலே மாறிக்கொள்ளலாம். மாநிலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது என்ற பழைய கொள்கை அப்படியே தொடரும். டாக்டர் பட்டம் பல்கலைக்கழகத்திடமே இருக்கும். மாநிலக் கல்லூரிகள் வேண்டுமானால் அதனோடு சேர்ந்து கூட்டாக வழங்கலாம். ஆளுநர் பேட் பிரவுன் அந்த ஏப்ரலில் சட்டத்தில் கையெழுத்திட்டார். அக்டோபரில் டைம் பத்திரிகை அட்டையில் கெர் முகம்.

இந்தத் திட்டத்தைத் தத்துவமாகப் படிப்பதைவிட ஒப்பந்தமாகப் படித்தால்தான் புரியும். கெரே அதை உடன்படிக்கை என்றுதான் சொல்லி வந்தார். பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சியில் தனியுரிமை கிடைத்தது, மாநிலக் கல்லூரிகளுக்குச் சொந்த நிர்வாக வாரியம் கிடைத்தது, ஜூனியர் கல்லூரிகளுக்கு மரியாதை கிடைத்தது. அரசுக்கு எது கிடைத்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை: பணம் மிச்சம். அதற்கு முன் பல்கலைக்கழகம் மேலே உள்ள 15 சதவீதம் வரையிலும், மாநிலக் கல்லூரிகள் ஏறக்குறைய பாதிப் பேர் வரையிலும் எடுத்துக்கொண்டிருந்தன. புதிய கணக்கு இரண்டு கதவுகளையும் கொஞ்சம் சாத்தியது. செலவு குறைவான ஜூனியர் கல்லூரிப் பக்கம் கூட்டத்தைத் திருப்பியது. எல்லோருக்கும் இடம் உண்டு என்பதும் உண்மை, எல்லோருக்கும் அதே இடம் இல்லை என்பதும் உண்மை.

கையில் சட்டம் வந்ததும் கெர் கட்டத் தொடங்கினார். சான் டியேகோ, இர்வைன், சாண்டா குரூஸ் என்று மூன்று புது வளாகங்கள். சாண்டா குரூஸ் அவருடைய செல்லம். ஸ்டான்ஃபோர்டில் தன்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்த டீன் மெக்ஹென்றியை அதற்குத் தலைமை தாங்க வைத்தார். பெரிய பல்கலைக்கழகத்துக்குள் ஸ்வார்த்மோர் மாதிரி சின்னச் சின்னக் கல்லூரிகள் என்பது இருவருடைய ஆசை. வேலையை அவர் பெரும்பாலும் எல் செரிட்டோவில் இருந்த தன் வீட்டிலிருந்தே பார்த்தார். குறிப்புகள் எல்லாம் பச்சை மையில், பொடி எழுத்தில். பெரிய வளாகங்களின் தலைவர்கள் அந்தப் பச்சை எழுத்து எப்போது வரும் என்று பயந்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் தலைமையகத்தில் குவிந்திருந்த அதிகாரத்தைப் பிரித்து வளாகங்களுக்குக் கொடுத்தவர் அவர்தான். மாணவர்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி 1962 இல் போனது. கம்யூனிஸ்டுகள் வளாகத்தில் பேசக் கூடாது என்ற தடை 1963 இல் போனது. 1960 இல் சான்பிரான்சிஸ்கோ மாநகர மன்றத்தில், நாடாளுமன்றத்தின் கம்யூனிஸ்ட் வேட்டைக் குழுவை எதிர்த்த மாணவர்களைப் போலீஸ் தண்ணீர்க் குழாயால் படிக்கட்டில் அடித்துத் தள்ளியபோது, அவர்களைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கச் சொல்லி வந்த நெருக்கடிக்கு அவர் பணியவில்லை.

அவர் தலைவரான அதே 1958 இல் மெட்ராஸில் பிறந்த சியாமளா கோபாலன் 19 வயதில் பெர்க்லிக்கு வந்து சேர்ந்தார், 1964 இல் அங்கே டாக்டர் பட்டம் முடித்தார். கமலா ஹாரிஸின் அம்மா. அந்த வளாகம் அந்த ஆறு வருடங்களில் எப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது என்பதற்கு அந்தக் குடும்பக் கதையும் ஒரு சாட்சி. சியாமளா சிவில் உரிமை ஊர்வலங்களில் நடந்தவர்.

சரி, 1964க்கு வருவோம். வளாகத்தின் தெற்கு வாசலில், பேன்கிராஃப்ட் சாலையும் டெலிகிராஃப் சாலையும் சேரும் இடத்தில், 26 அடி அகல நடைபாதை ஒன்று. மாணவர்கள் அங்கே மேசை போட்டு சிவில் உரிமைப் போராட்டத்துக்கு நிதி திரட்டுவார்கள், ஆள் சேர்ப்பார்கள். அது நகராட்சி இடம் என்றே எல்லோரும் நம்பினார்கள், கெர் உட்பட. நகராட்சிக்குக் கொடுத்துவிடுவது என்று 1959 இலேயே ரீஜென்ட்டுகள் தீர்மானம் போட்டிருந்தார்கள். ஆனால் இடம் எழுதிக் கொடுக்கப்படவே இல்லை. ஒரு பத்திரம் எழுதாத கோளாறு. செப்டம்பர் நடுவில் பெர்க்லி வளாக நிர்வாகம், இது பல்கலைக்கழக இடம், இனி மேசை கூடாது என்று கடிதம் அனுப்பியது. கெர் அப்போது ஆசியப் பயணத்தில் இருந்தார். திரும்பி வந்ததும் இது தப்பு என்று அவருக்கே பட்டது. ஆனாலும் ரத்து செய்யவில்லை. வளாகத் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டு முதல் சோதனையிலேயே அவர்கள் தலைக்கு மேல் கையை வைப்பதா என்ற தயக்கம். தன் வாழ்க்கையில் செய்த பெரிய தவறுகளில் ஒன்றாக அதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அக்டோபர் 1 அன்று மேசை போட்ட ஜாக் வைன்பெர்க்கைப் பிடித்துப் போலீஸ் காரில் ஏற்றினார்கள். மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கார் 32 மணி நேரம் நகரவில்லை, வைன்பெர்க் உள்ளேயே இருந்தார். அதன் கூரைதான் மேடை. மரியோ சாவியோ என்ற தத்துவ மாணவர், கூரைக்குச் சேதம் வரக் கூடாதென்று ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏறிப் பேசினார். அந்தக் கோடையை மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் வேலையில் கழித்துவிட்டு வந்தவர் அவர். மறுநாள் இரவு கெர் மாணவர் தலைவர்களோடு உட்கார்ந்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். மத்தியஸ்தர் வேலை, அவருக்குக் கைவந்த கலை.

அது தாங்கவில்லை. ஏன் என்பதில்தான் கெரின் முழுக் கதையும் இருக்கிறது. கூலித் தகராறில் இரு பக்கமும் நாளைக்கு மறுபடி ஒன்றாக வேலை செய்தாக வேண்டும். 60க்கும் 100க்கும் நடுவில் 75 என்று ஒரு புள்ளி இருக்கும். பேச்சுரிமை கேட்டு நிற்பவனிடம் முக்கால் பங்கு வாங்கிக்கொள் என்று சொல்ல முடியாது. மாணவர்கள் பேரம் பேச வரவில்லை. கெருக்குப் பேரத்தைத் தவிர வேறு பாஷை தெரியாது. போதாக்குறைக்கு, முந்தின வருடம் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அவர், நவீன பல்கலைக்கழகம் ஒரே ஊர் இல்லை, பல ஊர்கள் ஒட்டிக்கிடக்கும் நகரம், அறிவும் அங்கே ஒரு தொழில்துறை என்று வருணித்திருந்தார். ஆராய்ச்சிப் பணத்தின் பின்னால் ஓடும் பேராசிரியர்கள் இளங்கலை மாணவர்களைக் கைவிடுகிறார்கள், இது கலகத்தில் முடியும் என்று எச்சரித்ததும் அதே சொற்பொழிவுகளில்தான். யாருக்கும் எச்சரிக்கை காதில் விழவில்லை, வருணனை மட்டும் விழுந்தது. கம்ப்யூட்டரில் போடும் துளை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அந்த அட்டைகளில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை மாதிரியே, என்னை மடிக்காதே, கிழிக்காதே என்று மாணவர்கள் கேலி செய்தார்கள்.

டிசம்பர் 2 அன்று மாணவர்கள் ஸ்ப்ரவுல் ஹால் என்ற நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். விட்டுவிடுங்கள், தானாகக் கலைவார்கள் என்றார் கெர். ஆளுநர் பிரவுன் ராத்திரியோடு ராத்திரியாகக் கைது உத்தரவு போட்டார். கிட்டத்தட்ட 800 பேரை இழுத்துக்கொண்டு போனார்கள். 7 ஆம் தேதி திறந்தவெளி அரங்கில் பல்லாயிரம் பேர் முன்னால் கெர் சமரசத் திட்டத்தை வாசித்து முடித்தார். சாவியோ மைக்கை நோக்கி நடந்தார், இரண்டு போலீஸ்காரர்கள் எல்லோர் கண் முன்னாலும் அவரைப் பிடித்து இழுத்துப் போனார்கள். திட்டம் அந்த இடத்திலேயே செத்தது. அடுத்த நாள் ஆசிரியர் மன்றம் 824க்கு 115 என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் நின்றது.

இதற்கிடையில் இன்னொரு வேலை கெருக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. 1959 இல் பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வில், எஃப்.பி.ஐ. போல ரகசியமாக இயங்கும் தேசியக் காவல் அமைப்பால் ஜனநாயகத்துக்கு என்ன ஆபத்து என்று ஒரு கட்டுரைக் கேள்வி. ஹூவருக்கு ரத்தம் கொதித்தது. பல்கலைக்கழகம் கேள்வியைத் திரும்பப் பெற்றும் அவர் விடவில்லை. பின்னால் ஜனாதிபதி ஜான்சன் கெரைச் சுகாதார, கல்வி, நலத்துறை அமைச்சராக்க நினைத்தபோது, பின்னணி விசாரணை அறிக்கையில் எஃப்.பி.ஐ. பொய் என்று தானே கண்டுபிடித்திருந்த குற்றச்சாட்டுகளையும் சேர்த்து வெள்ளை மாளிகைக்கு அனுப்பியது. பதவி ஜான் கார்ட்னருக்குப் போனது. எட்வின் பாலி என்ற ரீஜென்ட்டுக்கும் எஃப்.பி.ஐ. தகவல் கொடுத்துக்கொண்டிருந்தது. இவையெல்லாம் வெளியே வந்தது 2002 இல். செத் ரோசன்ஃபெல்ட் என்ற பத்திரிகையாளர் வருடக்கணக்கில் வழக்காடி அந்தக் கோப்புகளை வாங்கினார். கெருக்கு அப்போது 91 வயது.

ரீகன் 1966 தேர்தலில் பெர்க்லிக் குப்பையைச் சுத்தம் செய்வேன் என்று சொல்லியே ஓட்டு வாங்கினார். ஜனவரியில் பதவியேற்றதும் பல்கலைக்கழக நிதியில் வெட்டு, மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் என்று இரண்டையும் முன்வைத்தார். பணம் எவ்வளவு வரும் என்று தெரியாமல் இடம் கொடுக்க முடியாது என்று கெர் மாணவர் சேர்க்கையை நிறுத்திவைத்தார். 1967 ஜனவரி 20 அன்று, புதிய ஆளுநர் கலந்துகொண்ட முதல் கூட்டத்திலேயே, 14க்கு 8 என்று ரீஜென்ட்டுகள் அவரை நீக்கினார்கள். ராஜினாமா கேட்டார்கள், கொடுக்க மாட்டேன், வேண்டுமானால் நீக்குங்கள் என்றார். வந்தபோது இருந்த அதே உற்சாகத்தோடு கிளம்புகிறேன் என்று ஆங்கிலச் சிலேடையில் அவர் அடித்த ஜோக் (ஃபயர்ட் என்றால் உற்சாகம் பற்றிக்கொண்டவர் என்றும் அர்த்தம், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் என்றும் அர்த்தம்) அவருடைய எல்லாச் சாதனைகளையும்விடப் பிரபலம்.

ஐம்பத்தைந்து வயதில் வேலை போனவர் சும்மா உட்காரவில்லை. கார்னகி அறக்கட்டளையின் உயர்கல்வி ஆணையத்துக்குத் தலைவரானார். அது முடிந்ததும் அதன் தொடர்ச்சியான குழுவுக்கும் அவரே, 1979 வரை. ஒரு விஷயம் மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் உயர்கல்விப் பணம் யார் கையில் போக வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் பெரிய சண்டை. கல்லூரிகளுக்கே கொடுங்கள் என்றது பல்கலைக்கழகத் தலைவர்களின் கூட்டம், அதாவது கெரின் பழைய சகாக்கள். ஏழை மாணவர் கையில் கொடுங்கள், அவர் எந்தக் கல்லூரிக்குப் போகிறாரோ அங்கே பணம் போகட்டும் என்றது கெரின் ஆணையம். 1972 சட்டத்தில் நாடாளுமன்றம் பின்னதைத்தான் எடுத்துக்கொண்டது. அந்த உதவித்தொகை பிறகு செனட்டர் கிளேபார்ன் பெல் பெயரால் பெல் கிராண்ட் ஆனது; இன்றும் அமெரிக்காவில் ஏழைப் பிள்ளை கல்லூரிக்குப் போகும் முக்கிய வழி. என் பார்வையில் மாஸ்டர் பிளானைவிட அதிகப் பேரைத் தொட்ட காரியம் இதுதான், ஆனால் அவர் பெயர் இதில் எங்கேயும் ஒட்டவில்லை.

மாஸ்டர் பிளானின் சதவீதங்கள் கலிபோர்னியாவின் கொள்கையாக இன்னும் நிற்கின்றன. கட்டணம் இல்லை என்ற பாதிதான் போய்விட்டது. 1970 இல் கல்விக் கட்டணம் என்ற பெயரில் சின்னத் தொகையாகத் தொடங்கியது. 1978 இல் சொத்து வரியைக் கட்டிப்போட்ட 13 ஆம் முன்மொழிவு மாநிலத்தின் கையைச் சுருக்கியது. ஒவ்வொரு பொருளாதார மந்தத்திலும் தொகை ஒரு படி ஏறியது. இப்போது மாநிலத்துப் பிள்ளைகளே ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல் கட்டுகிறார்கள். ஜூனியர் கல்லூரியிலிருந்து மேலே மாறலாம் என்ற வாக்குறுதியும் காகிதத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை. சேருபவர்களில் பெரும்பாலோர் மாறுவதில்லை, அப்படி நின்றுபோகிறவர்களில் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளே அதிகம். இதைக் கெரின் குற்றம் என்று சொல்பவர்கள் உண்டு. 1960 இல் கையெழுத்துப் போட்ட தரப்புகளில் மாநில அரசுதான் பிற்பாடு தன் பங்குப் பணத்தைக் குறைத்தது என்று சொல்பவர்களும் உண்டு, நான் அந்தக் கட்சி. ஆனால் மேலே எட்டில் ஒரு பங்கு, நடுவில் மூன்றில் ஒரு பங்கு என்று கோடு கிழித்த குழுவில், கோட்டுக்குக் கீழே நிற்கப்போகும் பிள்ளைகளின் சார்பில் பேசத் தனியாக ஒருவரும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.